றீற்றா அக்காவின் காரில் ஒயில் ஒழுகிய இடம்

சென்ற மாதம் தில்லையடிக் கராஜில் கார் தூக்கும் லிஃப்ட் ஒன்று புதிதாகப் பூட்டினார்கள். பொத்தானை அமத்தினால் கார் தலைக்கு மேலே போய் நிற்கிறது. வேலையை விட்டு வீட்டில் இருக்கும் என்னையும் மறக்காமல் கூப்பிட்டிருந்தார்கள். பாற்சோறு தந்தார்கள். இப்போது அங்கே பெரிய மெக்கானிக்காக இருக்கும் நஸார், தூக்கிய காருக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு கேட்டான்.

"அந்தோனி அண்ணன், இது இல்லாம நீங்க எப்பிடி ஒயில் லீக் பிடிச்சீங்க? அதுவும் ஆக்கள்ற ஊட்டுக்குப் போயி?"

"மணல்ல படுத்துத்தான்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கல்பிட்டி பஸ்ஸில் ஏறி வீடு வரும்போது அந்தப் பதில் போதாது என்று பட்டது. மணலில் படுத்தவர்கள் எத்தனையோ பேர். அந்தக் கராஜைத் தொடங்கிய மஜீத் பாஸ் படுத்த மாதிரி யாரும் படுக்கவில்லை. அவர் மௌத்தாகி, கண்ணை மூடி, இரண்டு நோன்புப் பெருநாள் போய்விட்டது. அவரைப் பற்றி யாராவது எழுதி வைக்க வேண்டும். அவரோடு அதிக காலம் வேலை செய்தவன் நான் என்பதால் நானே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் எல்லாரும் கடல் தொழில். நான் மட்டும் கடலுக்குப் போனால் வாந்தி எடுப்பேன். அதனால் கரையில் இருந்து படகு என்ஜின் கழுவினேன், பிறகு கழற்றிப் பூட்டினேன். அப்படியே மோட்டார் வேலைக்கு வந்துவிட்டேன். மஜீத் பாஸ் யாழ்ப்பாணத்தில் பெயர் வாங்கிய மெக்கானிக். அவருடைய சனம் முழுவதும் அங்கிருந்து வெளியேற வேண்டி வந்தபோது, மனைவி, பிள்ளைகள், ஒரு துணிப்பை என்று புத்தளத்துக்கு வந்தவர். தில்லையடியில் ஓலைக் கொட்டிலுக்கு முன்னால் கடன் வாங்கிய இரண்டு ஸ்பனரோடு தொடங்கினார். நான் சேரும்போது தகரக் கூரை வந்துவிட்டது. மற்றக் கராஜ்களில் காலையில் சத்தம் கேட்கும், ஏச்சும் சுத்தியலும். எங்கள் கராஜில் பாஸின் குரல் கேட்கக் கிட்டப் போக வேண்டும்.

அவருடைய பழக்கம் ஒன்று எனக்கு ஆரம்பத்தில் விளங்கவே இல்லை. வாகனம் வந்தால் முன்பக்கப் பொனற்றைத் திறக்க மாட்டார். முதலில் ஓட்டிவந்த ஆளுக்கு ஒரு கதிரை போடச் சொல்வார். தானும் இருப்பார். "சொல்லுங்கோ" என்பார். பிறகு வாயே திறக்க மாட்டார். ஓட்டி வந்தவர் வாகனத்தில் தொடங்கி, ரோட்டுக்குப் போய், மச்சானைத் திட்டி, மறுபடி வாகனத்துக்கு வருவார். பாஸ் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார். ஒரு தடவை மீன் லொறிக்காரர் ஒருவர் என்ஜினைக் கழற்றியே ஆகவேண்டும் என்று வந்தார். ஒயில் வடிகிறதாம். பாஸ் கேட்டது ஒன்றே ஒன்று.

"கடைசியா ஒயில் மாத்தினது எங்கே?"

"வழியில ஒரு இடத்தில."

பாஸ் லொறிக்குக் கீழே போனார். ஒயில் வடிக்கும் போல்ட்டைக் கழற்றினார். அதில் இருக்க வேண்டிய செம்பு வளையம் இல்லை. மாற்றியவர் போட மறந்துவிட்டார். ஒரு வளையத்தைப் போட்டு இறுக்கி, அந்த மனிதரை அனுப்பிவிட்டார். "முழு என்ஜினைக் கழட்டியிருந்தா உனக்கு ஒரு கிழமைச் சாப்பாடு" என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். "அந்தக் கிழமை முழுக்க அவருக்கு மீன் போகாதே" என்றார் பாஸ். அவ்வளவுதான் அவர் கதைத்தது.

நான் எழுத வந்த விசயம் இதற்கெல்லாம் பிற்பாடு நடந்தது. எரிபொருளுக்கு ஊர் முழுவதும் வரிசையில் நின்ற காலம். வெளிநாட்டுச் சாமான் வருவதும் நின்றுபோயிருந்தது. ஒருநாள் மாம்புரியிலிருந்து ஒரு பெண் போன் எடுத்தார். பெயர் றீற்றா. மரக்கறித் தோட்டம் செய்கிறவர். கணவர் சவரிமுத்து உச்சமுனைத் தீவில் பிறந்த கடல் தொழிலாளி. சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, கிழமைக்கு இரண்டு தரம், செவ்வாயும் வெள்ளியும், புத்தளம் ஆஸ்பத்திரியில் மெஷினில் இரத்தம் சுத்திகரிக்கிறவர். அதற்காகவே பழைய ஜப்பான் கார் ஒன்று வாங்கியிருந்தார்கள். கணவருக்கு ஓட்ட ஏலாமல் போன பிறகு, பேரப்பிள்ளை கண்ட வயதில், றீற்றா அக்கா தானே ஓட்டப் பழகியிருந்தார்.

அந்தக் கார் ஒயில் வடித்தது. வடித்தது என்றால் சும்மா அல்ல. புத்தளம் போய் வருவதற்குள் ஒரு போத்தல் ஊற்ற வேண்டும். ஒயில் கிடைப்பதே பெரிய பாடு. இரண்டு இடத்தில் கொடுத்துப் பார்த்துவிட்டார். ஒரு இடத்தில் என்ஜினின் அடித்தட்டுக்கு ஒயில் கசியாமல் அடைக்கும் புதுக் கஸ்கெற் போட்டார்கள். மற்ற இடத்தில் மேல்மூடிக்குப் போட்டார்கள். ஒழுகல் நிற்கவில்லை. மூன்றாவது இடத்தில், கியர் பொக்ஸைக் கழற்றி என்ஜினின் பின் சீல் றப்பரை மாற்ற வேண்டும், காரை ஒரு கிழமை விட்டுப் போங்கள் என்றார்கள்.

"ஒரு கிழமை விட்டா இந்த மனுசனை நான் எதில கொண்டு போறது நானா? வாடகைக்கு ஒரு வாகனமும் ஓடுதில்ல" என்று போனில் அழுதுவிட்டார். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

பாஸ் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "தங்கச்சி, நீங்க வரவேணாம். நாங்க வாறம்" என்றார்.

புதன்கிழமை காலையில் பாஸின் வான் வண்டியில் போனோம். வான் என்றால் அதற்குள் இருந்த டீசல்தான் பெரிய சொத்து. அதற்காக இரவு பகலாக வரிசையில் நின்றிருந்தார். ரோட்டிலிருந்து உள்ளே மணல் ஒழுங்கையில் வீடு. சுற்றிவரத் தென்னை. பின்னால் மிளகாய்த் தோட்டம். காரைக் கண்டதும் நான் கீழே குனிந்து பார்த்தேன். என்ஜினும் கியர் பொக்ஸும் சேரும் இடத்தில் ஒயில் சொட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது கராஜ் சொன்னது சரிதான், பின் சீல்தான் என்று எனக்கும் பட்டது. வாயால் சொல்லவும் சொன்னேன்.

"இருக்கலாம்" என்றார் பாஸ். அவர் ஏற்கனவே ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்துவிட்டார். றீற்றா அக்காவுக்கும் ஒன்று போடச் சொன்னார். "சொல்லுங்கோ தங்கச்சி. வடியுது எண்டது தெரியும். வேற என்ன?"

"வேற என்ன நானா, ஊத்திக்கொண்டு ஓடுறன்."

"நிப்பாட்டினா வடியுமா, ஓடேக்கை வடியுமா?"

"ஓடினாத்தான். இரவு முழுக்க நிண்டாலும் காலையில மணல்ல ஒரு பொட்டுத்தான் கிடக்கும்."

"மணம்?"

றீற்றா அக்கா நிமிர்ந்து பார்த்தார். யாரும் அதுவரை அதைக் கேட்கவில்லை போலிருந்தது.

"ஓம். எரியிற மணம். பாலாவிச் சந்தியில நிப்பாட்டினா உள்ளுக்க வரும். இவருக்குக் குமட்டிச் சத்தி வாற மாதிரி இருக்கும், சுருக்கா யன்னலைத் திறப்பன். முன்னுக்கு இருந்து புகையும் கொஞ்சம் வரும்."

பாஸ் என் பக்கம் திரும்பினார். முகத்தில் ஒரு சிரிப்பு. "அந்தோனி, பின் சீல்ல வடியிற ஒயில் நேரா நிலத்தில விழும். அது எங்க எரியிறது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எரிய வேண்டுமென்றால் சூடான புகைக்குழாயில் விழ வேண்டும். அந்தக் குழாய் சீலுக்கு மேலே இருக்கிறது. ஆகவே ஒயில் புறப்படும் இடம் அதற்கும் மேலே.

"இந்தத் தங்கச்சிதான் லீக்கைப் பிடிச்சது. நாங்க இனி எந்த வாசல் எண்டு பார்த்தாச் சரி" என்றார் பாஸ்.

பார்ப்பது லேசான வேலை அல்ல. பழைய என்ஜின். எத்தனையோ காலத்து ஒயிலும் மண்ணும் கலந்து களி மாதிரிப் பூசிக் கிடந்தது. ஒழுகும் ஒயிலைக் காற்று பின்னுக்குத் தள்ளும்; எல்லா இடமும் நனைந்திருக்கும். நனைந்த இடமெல்லாம் ஒழுகும் இடமல்ல. அதனால் பாஸ் முதலில் கழுவுவார். ஸ்பனர் பையைத் தொடவே விடமாட்டார். என்ஜின் ஆறும்வரை காத்திருந்து, மின் இணைப்புகளைப் பிளாஸ்டிக் சொப்பிங் பையால் கட்டி மூடி, மண்ணெண்ணெயில் தோய்த்த தூரிகையால் மேலிருந்து கீழே தேய்த்தோம். பிறகு சவர்க்காரத் தூள் கரைத்த தண்ணீர். பிறகு நல்ல தண்ணீர். பிறகு துணி. என்ஜினின் இரும்பு நிறம் தெரிய வந்தபோது சூரியன் உச்சிக்கு வந்திருந்தது. சவரி அண்ணன் வாசலில் சாய்மனைக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் பெரிய உடம்பாக இருந்தவர் என்று தோளைப் பார்த்தால் தெரியும்.

"கலியாணத்துக்குக் குளிப்பாட்டுற மாதிரியல்லோ இருக்கு" என்றார்.

"ஓம், பவுடரும் பூசப் போறம்" என்றார் பாஸ்.

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. குழந்தைகளுக்குப் பூசும் பவுடர் டின் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, காய்ந்த என்ஜின் முழுவதும் தூவினார். வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. ஒயில் எங்கே முதலில் வெளியே வருகிறதோ அங்கே பவுடர் நனைந்து கறுக்கும். றீற்றா அக்காவை ஓட்டச் சொல்லிப் பாஸ் பக்கத்தில் ஏறினார். கல்பிட்டி ரோட்டில் கொஞ்சத் தூரம் போய்த் திரும்பினார்கள். இறங்கும்போது பாஸ் சொன்னார். "நல்லா ஓட்டுறீங்க தங்கச்சி. கிளச்சில கால் வச்சுக்கொண்டு ஓடாத ஆளை இண்டைக்குத்தான் கண்டன்." றீற்றா அக்காவின் முகம் சிவந்துவிட்டது.

பொனற்றைத் திறந்தோம். முன்பக்கம் வெள்ளை. இரண்டு பக்கமும் வெள்ளை. பின்பக்கம் காரின் உடலோடு ஒட்டி நிற்பதால் கண்ணுக்குத் தெரியாது. பாஸ் வீட்டில் சவரம் செய்யும் சின்னக் கண்ணாடியைக் கேட்டு வாங்கி, தடியில் கட்டி, ரோச் லைட்டை அடித்து என்ஜினுக்குப் பின்னால் விட்டார். கண்ணாடியை என் பக்கம் திருப்பினார். பவுடருக்கு நடுவே ஒரு கறுப்புக் கோடு மேலிருந்து இறங்கி, புகைக்குழாயில் ஒரு கிளையும், கியர் பொக்ஸின் தோளில் ஒரு கிளையுமாகப் பிரிந்து போயிருந்தது. கோடு தொடங்கிய இடம் என்ஜினின் தலை. மேல்மூடிக்குச் சற்றுக் கீழே, பின் விளிம்பில், அரைநிலா வடிவத்தில் ஒரு பள்ளம் இருக்கும். அதை ஒரு றப்பர் துண்டு அடைத்துக்கொண்டிருக்கும். மூடியின் கஸ்கெற்றை மாற்றியவர்கள் அந்த அரைநிலாவை மாற்றவில்லை. கையெட்டாத இடம். சூட்டில் கிடந்து கிடந்து அது எலும்பு மாதிரி ஆகியிருந்தது.

கியர் பொக்ஸை யாரும் கழற்றத் தேவையில்லை.

அதோடு விடவில்லை பாஸ். "றப்பர் கிழவனானது சரி. இவ்வளவு தள்ளுறது ஏன்?" என்று என்ஜினை ஓடவிட்டு, ஒயில் ஊற்றும் வாயைத் திறந்து அதன்மேல் ஒரு சொப்பிங் பையைப் பொத்திப் பிடித்தார். பை மெல்ல ஊதிக்கொண்டு வந்து பந்து மாதிரி நின்றது. என்ஜினுக்குள் சேரும் காற்று வெளியேறும் குழாய் அடைபட்டிருந்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே மஞ்சள் களி. போக வழியில்லாத காற்றுத்தான் ஒயிலைப் பலவீனமான இடத்தால் பிதுக்கித் தள்ளியது. குழாயை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பியால் குத்தி, வாயால் ஊதி மறுபக்கம் காற்று வரும்வரை துப்பரவாக்கினோம்.

இனி அரைநிலா வேண்டும். புத்தளத்தில் எல்லாக் கடைக்கும் போன் எடுத்தேன். மூடிக் கஸ்கெற் இருந்தது. அரைநிலா எங்கேயும் இல்லை. கடைசியில் சிலாபத்தில் ஒரு சிங்கள முதலாளி. பாஸ் அவரோடு சிங்களத்தில் நீண்ட நேரம் கதைத்தார். அவரிடம் ஒரு முழுச் செற் இருந்தது. பிரித்துக் கொடுக்க மாட்டேன் என்றார். பாஸ் கெஞ்சவில்லை. யாருடைய கார், கார் எங்கே போகிறது என்று மட்டும் சொன்னார். முதலாளி மனம் மாறினார். பிறகு, நாளைக் காலைக் கல்பிட்டி பஸ்ஸில் கொண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன், ரோட்டுக்கு வந்து நில்லுங்கள் என்றார்.

டீசலை மிச்சம் பிடிக்க இரவு அங்கேயே தங்கினோம். அடுத்த நாள் வியாழன். வெள்ளி காலையில் கார் புத்தளம் போயாக வேண்டும். பூசும் சீலண்ட் பசை காய ஒரு இரவாவது வேண்டும். ஆகவே அன்று பகலுக்குள் மூடிவிட வேண்டும்.

சவரி அண்ணன்தான் இன்னொரு சிக்கலைச் சொன்னார். "சோளகக் காத்து. வெயில் ஏறினா மண் பறக்கும். திறக்கிறதெண்டா விடியவே திறவுங்க."

கடலில் வாழ்ந்த மனிதரின் பேச்சைப் பாஸ் அப்படியே எடுத்துக்கொண்டார். திறந்த என்ஜினுக்குள் ஒரு பிடி மணல் போனால் ஒழுகலை விடப் பெரிய நாசம். பஸ் வருவதற்கு முன்பே, காற்று எழும்பாத நேரத்தில் மூடியைக் கழற்றினோம். ஓரத்து போல்ட்டுகளிலிருந்து நடுவுக்கு, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். மூடி வந்ததும் சுத்தமான பழைய சேலைத் துண்டை உள்ளே எல்லா இடமும் போர்த்தினார். பிறகு கையை வளைத்து அரைநிலாவை இழுத்தார். அது முழுசாக வரவில்லை. பிஸ்கற் மாதிரி உடைந்து கையோடு வந்தது. இனிப் பழையதைப் போட்டு மூடவும் வழியில்லை. பஸ் வந்தே ஆகவேண்டும்.

பஸ் வரவில்லை. டீசல் இல்லாத காலம், எந்த பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நான் ரோட்டில் நின்றேன். வெயில் ஏறியது. தென்னை ஓலைகள் அசையத் தொடங்கின. அப்போதுதான் வீட்டுப் பக்கமிருந்து றீற்றா அக்கா கூப்பிட்ட சத்தம் கேட்டது.

ஓடிப் போனேன். சவரி அண்ணன் கதிரையில் முன்னால் குனிந்து இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பது போலச் சத்தம். தண்ணீரை அளந்து குடிக்க வேண்டிய மனிதர், இரண்டு நாளாக ஆட்கள் வந்த சந்தோஷப் புளுகத்தில் நாங்கள் குடிக்கும்போதெல்லாம் யாருக்கும் தெரியாமல் தானும் குடித்திருக்கிறார். அம்புலன்ஸுக்குப் போன் எடுத்தோம். நுரைச்சோலைப் பக்கம் வேறு ஒருவரைக் கொண்டுபோகப் போயிருக்கிறதாம்.

றீற்றா அக்கா காரைப் பார்த்தார். திறந்த என்ஜின். மேலே சேலைத் துண்டு. அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

பாஸ் எழும்பி, கையைத் துடைத்து, மடியிலிருந்த வான் சாவித் திறப்பை என்னிடம் நீட்டினார்.

"நீ ஓட்டு. படுக்க வைக்காத, நிமிர்த்தி இருத்து."

"டீசல் போதுமா, காணுமா பாஸ்?"

"போகக் காணும். வாறதைப் பிறகு பார்ப்பம்."

"நீங்க?"

"இதைத் திறந்து போட்டுட்டு நான் எங்க வாறது? போ."

சவரி அண்ணனைத் தூக்கி ஏற்றினோம். அந்த நிலையிலும் அவர் பாஸின் கையைப் பிடித்து ஏதோ சொல்ல வந்தார். மூச்சு வரவில்லை. "ஒண்டும் சொல்ல வேணாம் தம்பி. போயிட்டு வாங்க, உங்கட காரை நான் கொண்டுவாறன்" என்றார் பாஸ்.

நான் அப்படி ஒருபோதும் ஓட்டியதில்லை. றீற்றா அக்கா பின்னால் அவரைத் தன்மேல் சாய்த்துப் பிடித்து, நெற்றியைத் தடவிக்கொண்டு, செபமாலையும் சொல்லிக்கொண்டு வந்தார். நடுவில் செபத்தை நிறுத்தி, "அந்தோனி, முன்னுக்குக் குழி இருக்கு, இடப்பக்கமா எடுங்க" என்பார். மறுபடி செபம். அந்த ரோட்டின் ஒவ்வொரு குழியும் அவருக்குத் தெரியும். கணவரின் உடம்பு அதிராமல் கொண்டுபோகப் பழகியவர்.

ஆஸ்பத்திரியில் தாமதிக்கவில்லை. ஒரு தாதி ஓடிவந்து ஒட்சிசன் பிடித்தார். மெஷினில் போட்டார்கள். வெளியே மர வாங்கில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து காத்திருந்தோம். பின்னேரம் ஆகும்போது டொக்டர் வந்து, தண்ணீர் இறங்குகிறது, இன்றைக்கு வார்ட்டில் வைத்திருப்போம், ஆபத்தில்லை என்று சொன்னார். றீற்றா அக்கா எழும்பிக் கும்பிட்டார். நான் பாஸுக்குப் போன் எடுத்தேன்.

"ஆள் எப்பிடி?"

"தப்பிட்டார் பாஸ். பஸ் வந்ததா? என்ஜின்?"

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு, "என்ஜினும் மூடியாச்சு" என்றார்.

எப்படி மூடினார் என்பதைப் பக்கத்து வீட்டு மனிதர்கள்தான் பிறகு எனக்குச் சொன்னார்கள். நாங்கள் போன சற்று நேரத்தில் பஸ் வந்தது. ஆனால் காற்றும் வந்துவிட்டது. மண் பறக்கத் தொடங்கியது. பாஸ் திறந்த என்ஜினுக்கு மேல் தன் உடம்பையே சாய்த்துக்கொண்டு நின்றாராம். வயது அறுபதைத் தாண்டிய மனிதர். அதைக் கண்ட மீனவர் ஒருவர் சவரி அண்ணனின் வள்ளத்துப் பாய்ச்சீலையை இழுத்து வந்தார். இன்னும் நாலு பேர் வந்தார்கள். காரின் முன்பக்கத்தைச் சுற்றி அந்தப் பாயை விரித்து, சுவர் மாதிரி ஆளுக்கொரு மூலை பிடித்துக்கொண்டு நின்றார்கள். பாய் காற்றில் அடித்து அடித்து அவர்களை இழுத்தது. கடலில் காற்றைப் பிடிக்கத் தெரிந்தவர்கள், கரையில் காற்றை மறித்து நின்றார்கள்.

பாய்க்குள்ளே பாஸ் அவசரப்படவில்லை. பழைய பசையை இரும்பால் சுரண்டினால் அலுமினியத்தில் கீறல் விழும் என்று, மூங்கில் சீவலால் சுரண்டினார். பள்ளத்தைத் துணியால் துடைத்து, விரலால் தடவிப் பார்த்து, மறுபடி துடைத்தார். அரைநிலாவுக்கு நூல் மாதிரி மெல்லிய கோடாகப் பசை. அளவுக்கு மிஞ்சிப் பூசினால் உள்ளே பிதுங்கி ஒயில் போகும் வழியை அடைத்துவிடும். அரைநிலாவை அமத்தி இருத்தி, மூலைகளுக்குப் பொட்டுப் பசை வைத்து, புதுக் கஸ்கெற்றோடு மூடியை நேராக மேலிருந்து இறக்கினார். போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இறுக்கினார். ஸ்பனரின் கழுத்தை இரண்டு விரலால் பிடித்துத்தான் இறுக்குவார். "மூடி பிடிக்கக் காணும், நசிக்கத் தேவையில்ல" என்று எங்களுக்குச் சொல்வது. அன்றைக்குப் பாய் பிடித்து நின்றவர்களுக்கும் அதையே சொல்லியிருக்கிறார். கை நோகுதா என்று நடுவில் கேட்டிருக்கிறார். "நீங்க வேலையைப் பாருங்க நானா, நாங்க பிடிப்பம்" என்றார்களாம் அவர்கள்.

அன்றைக்கு அவர் பக்கத்து வீட்டாரின் மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டு, பின்னேரத் தொழுகைக்குப் பாய்ச்சீலையின் ஒரு ஓரத்தையே விரித்துக்கொண்டார் என்றும் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரி முற்றத்தில் கார் வந்து நின்றது. பாஸ் இறங்கினார். சட்டையெல்லாம் பவுடரும் ஒயிலும். சவரி அண்ணன் றீற்றா அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். காரைப் பார்த்தார், பாஸைப் பார்த்தார்.

"லீக் நிண்டிட்டுதா நானா?" என்று றீற்றா அக்கா கேட்டார்.

"இன்னும் சொல்ல மாட்டன். நீங்க ஓட்டுங்க. நாங்க பின்னுக்கு இருக்கிறம்."

வானை அங்கேயே விட்டுவிட்டு நாலு பேரும் காரில் புறப்பட்டோம். பாலாவிச் சந்தியில் றீற்றா அக்கா ஓரத்தில் நிறுத்தினார். என்ஜினை நிற்பாட்டவில்லை. எல்லாரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு இருந்தோம். பெரிய மனிதர்கள் நாலு பேர், முயல் மாதிரி.

"மணக்குது" என்றார் சவரி அண்ணன்.

றீற்றா அக்காவின் முகம் கறுத்துப் போயிற்று. சவரி அண்ணன் விரலை நீட்டினார். காருக்குப் பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள்; பின்னால் பெட்டி நிறையச் சாளை மீன். பாஸ் சிரித்த சிரிப்பில் காரே குலுங்கியது. அவர் அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கண்ணாடியையும் லைட்டையும் எடுத்து என்ஜினுக்குப் பின்னால் விட்டுப் பார்த்தார். காருக்குக் கீழே படுத்து விரலால் தடவி, விரலை வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகுதான் எழும்பி, "காஞ்சு கிடக்குத் தங்கச்சி" என்றார்.

அதற்குப் பிறகு கராஜில் யாராவது அந்த வேலையைப் புகழ்ந்தால் அவர் ஒரே பதில்தான் சொல்வார்: லீக்கைப் பிடித்தது றீற்றா, காற்றை மறித்தது மாம்புரிச் சனம், சாமான் தந்தது சிலாபத்து முதலாளி. தன் கையைப் பற்றி ஒரு சொல் வராது. அது பணிவுக்காகச் சொன்னதல்ல. அவர் உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார். ஒரு வாகனத்தை ஒரு ஆள் திருத்துவதில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் முதலில் கதிரை போட்டார். எனக்கு லிஃப்டின் மேல் கோபம் இல்லை, நஸார். என் முதுகுக்கு முன்பே வந்திருக்க வேண்டிய சாமான் அது. ஆனால் காரைத் தூக்குவதற்கு முன்னால் ஓட்டி வந்த ஆளை இருத்திக் கேள்.

சவரி அண்ணன் அதற்குப் பிறகும் நல்ல காலம் இருந்தார். ஒரு கிறிஸ்மசுக்கு முன்னால் தூக்கத்திலேயே போய்விட்டார். அடக்கத்துக்குப் பாஸும் வந்து, கோயில் வாசலில் கடைசிவரை நின்றார்.

சில மாதம் கழித்து, கார் இனி றீற்றா அக்காவுக்குப் பாரம்தானே, நல்ல கையில் விற்றுக் கொடுக்கலாம் என்று நினைத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மாம்புரிக்குப் போனேன். ஒழுங்கையில் கார் என்ஜின் ஓடியபடி நின்றது. முன் சீற்றில் ஒரு வயதானவர், கையில் கட்டோடு. பின்னால் இரண்டு பெண்கள். ஒருவர் மடியில் தலையணை வைத்திருந்தார். "நாலு பேரும் தண்ணி அளந்துதான் குடிக்கோணும்" என்று சத்தம் போட்டுக்கொண்டே றீற்றா அக்கா கதவைச் சாத்தினார்.

"நாலு பேர் எண்டா நீங்களுமா அக்கா?" என்று கேட்டேன்.

"நான் குடிச்சா இவங்க பார்த்துக்கொண்டு இருக்கோணுமே. அதால நானும் குடிக்கிறதில்ல" என்றார். "இவர் கண்டக்குழி ஆள். அவங்க ரெண்டு பேரும் உச்சமுனை. விடியவே வள்ளத்தில வந்தவங்க. எல்லாருக்கும் மெஷின் செவ்வாயும் வெள்ளியும்தான். என்ன விசயமா வந்தீங்க?"

நான் வந்த விசயத்தைச் சொல்லவில்லை. என்ஜினை நிற்பாட்டிப் பொனற்றைத் திறக்கச் சொல்லி, ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்துத் துடைத்து விட்டுப் பார்த்தேன். அளவு சரியாக நின்றது. மூடினேன்.

"சரியா?" என்றார்.

"சரி அக்கா."

"அப்ப விலகுங்க, நேரமாகுது."

விலகினேன். றீற்றா அக்கா கிளச்சை மெல்ல விட்டு, குழியை இடப்பக்கமாக எடுத்து, ரோட்டில் ஏறிப் புத்தளம் பக்கம் திரும்பினார்.